பழி சூரியன் மீதா? விஞ்ஞானி சந்திரசேகர் வரலாறு

கோடை வந்துவிட்டால் தொழிலாளத் தோழர்களிடையே ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. தியாகராய நகரிலே மாடிமேல் மாடியாக எழும்புகின்றனவே கட்டடங்கள், அங்கே உச்சி வெயிலில் கம்பி கட்டுகிறவரைக் கேளுங்கள். பாரவண்டி இழுப்பவரைக் கேளுங்கள். வரவரச் சூரியனுக்கு உக்கிரம் ஏறிக்கொண்டே போகிறது என்பார்கள். முதுகு காய்கிறவன் முதுகைக் காய்ச்சுகிறவனைத்தானே குறை கூறுவான்! அவர்கள் பேச்சிலே நாம் குற்றம் காணவில்லை.

ஆனால் அதே பேச்சைக் குளிர்ந்த அறையில் அமர்ந்துகொண்டு பேசுகிற கனவான்களும் இருக்கிறார்கள். பூமி சூடேறுவது சூரியனின் திருவிளையாடல்; நிலக்கரி என்ன செய்யும், பெட்ரோல் என்ன செய்யும், ஆலைப் புகை என்ன செய்யும் என்று அவர்கள் கேட்கிறார்கள். இவர்கள் முதுகு காயவில்லை. பின் ஏன் இவர்களுக்குச் சூரியன் மீது இத்தனை கோபம்? பழி சூரியன் மீது விழுந்தால், கணக்குக் கொடுக்கவேண்டியவர் எவரும் இல்லை என்று ஆகிவிடும். சூரியனுக்கு நோட்டீசு அனுப்ப முடியுமா? வரி போட முடியுமா? தேர்தலிலே தோற்கடிக்கத்தான் முடியுமா?

இந்த வழக்கை முடிவுகட்டுகிற கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் நம் மயிலாப்பூரிலே வளர்ந்தவர். இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என்கிறோமே, அன்று அது எட்வர்டு எலியட்ஸ் சாலை. அங்கே சந்திர விலாஸ் என்ற வீட்டிலிருந்து புறப்பட்டு உலகம் வியக்க உயர்ந்தார் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் வரலாற்றைத் தோழர்கள் அறியவேண்டும் என்பதற்காகவே இன்று எழுதுகிறோம்.

1910 அக்டோபர் 19-ல் லாகூரிலே பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உத்தியோகஸ்தர். ஆகவே ஊர் விட்டு ஊர் மாறும் குடும்பம். பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர் சந்திரசேகர். ஆண் மக்களில் மூத்தவர். 1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே படிப்பு. பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. அதன்பின் கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரி. தந்தையின் தம்பிதான் சர் சி. வி. இராமன்.

வசதியான, படித்த, மேல்சாதிக் குடும்பம் என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. அதே வயதில், அதே அறிவோடு, படகுத் துறையிலும் சலவைத் துறையிலும் எத்தனை பிள்ளைகள் எழுத்தறியாமல் மாண்டார்களோ, யார் கணக்கெடுத்தார்கள்? ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தந்தை விரும்பியது ஐ.சி.எஸ். பதவி. வெள்ளைக்கார சர்க்காரிலே கலெக்டராகி, பல்லக்கில்லாத ராஜாவாக வாழ்ந்திருக்கலாம். மகன் அதை வேண்டாமென்றார். தாயார் சீதாலட்சுமி மகன் பக்கம் நின்றார். இப்சன் எழுதிய பொம்மை வீடு நாடகத்தைத் தமிழாக்கிய பெண்மணி அவர்! வீட்டை விட்டு வெளியேறும் ஒரு மனைவியின் கதையை அந்தக் காலத்து மயிலாப்பூர் வீட்டுக்குள்ளிருந்து மொழிபெயர்த்தவர் என்றால், அந்தத் தாயின் நெஞ்சுரத்தை எண்ணிப் பாருங்கள்.

1928-ல் ஜெர்மானியப் பேராசிரியர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்தார். கல்லூரி மாணவனான சந்திரசேகர் துணிந்து அவரைப் போய்ப் பார்த்தார். நீ படித்திருக்கும் பௌதிகம் பழசாகிவிட்டது, அணுவுக்குப் புதுக் கணக்கு வந்துவிட்டது என்று அவர் கூறியதும், வேறொருவனாயிருந்தால் சோர்ந்திருப்பான். இவரோ அந்தப் புதுக் கணக்கைத் தாமே கற்று, மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டிலே கட்டுரை வெளியிட்டார். வயது 18!

1930 ஜூலை 31-ல் சர்க்கார் உபகாரச் சம்பளத்துடன் பம்பாயிலே கப்பலேறினார். தாயார் நோய்ப் படுக்கையில். போகாதே என்று சொல்லவேண்டிய தாய் போ என்றாள். அடுத்த ஆண்டு அவள் இறந்தபோது மகன் கடலுக்கப்பால் இருந்தார்.

அந்தக் கப்பல் பயணத்திலேதான், 19 வயது இளைஞர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். விண்மீன் ஒவ்வொன்றும் ஒருநாள் எரிபொருள் தீர்ந்து அடங்கும். சிறியது சுருங்கி வெண்குள்ள மீனாகிக் கிடக்கும். அப்படி அமைதியாக அடங்குவதற்கு ஓர் எல்லை உண்டு; சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட எடை மிஞ்சினால் அது வெண்குள்ளனாக நிலைக்க முடியாது, தன் பாரத்திலேயே மேலும் மேலும் நசுங்கும் என்பதே அது. இன்று அதற்குச் சந்திரசேகர் எல்லை என்றே பெயர்.

ஆனால் அன்று நடந்தது என்ன? 1935 ஜனவரி 11. லண்டனிலே ராயல் வானநூல் சங்கக் கூட்டம். 24 வயதுக் கறுப்பு இளைஞர் தம் கணக்கை விளக்கி அமர்ந்தார். அடுத்து எழுந்தார் சர் ஆர்தர் எடிங்டன். உலகப் புகழ் வாய்ந்த வானநூலார். 1919 கிரகணத்தை ஆராய்ந்து ஐன்ஸ்டீன் கொள்கைக்கு மெய்ப்பு தந்தவர். கேம்பிரிட்ஜில் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்கைப் பார்த்துக்கொண்டே போனவர். அப்படிப்பட்டவர் சபை நடுவே, இயற்கை இப்படிப்பட்ட கேலிக்கூத்துக்கு இடம் தராது என்ற பொருள்படப் பேசி, இளைஞரின் உழைப்பை எள்ளி நகையாடினார். சபை சிரித்தது. கணக்கிலே பிழை எங்கே என்று அவர் காட்டினாரா? இல்லை. அணுக் கணக்கிலே தேர்ந்த போர், பவுலி போன்றோர் சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று தனியே ஒப்பினர். வெளியிலே வந்து சொல்ல எவரும் முன்வரவில்லை! பெரிய மனிதர் ஒருவரின் சிரிப்புக்கு அவ்வளவு வலிமை.

சந்திரசேகர் சண்டையிட்டுக்கொண்டு நிற்கவில்லை. 1936-ல் தாயகம் வந்து, தம்மோடு மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்றவரும் மயிலாப்பூரில் அண்டை வீட்டாருமான லலிதாவை மணந்தார். 1937-ல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வுக் கூடம் சென்றார். அங்கும் நிறவெறி காத்திருந்தது. சிகாகோ பல்கலைக் கழகத்தில் இவர் வகுப்பெடுப்பதை, தோலின் நிறத்தைக் காரணமாக்கி, உயர் பதவியிலிருந்த ஒருவர் தடுக்கப் பார்த்தார். தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அதை உதறித் தள்ளி, வகுப்பெடுக்கட்டும் என்று உத்தரவிட்டார். பின்னாளில் வாரந்தோறும் நூறு மைல் மோட்டாரிலே போய் அவர் நடத்திய ஒரு வகுப்பில் இரண்டே மாணவர்கள் இருந்ததாகச் சொல்வர். அந்த இருவர், சீனத்து இளைஞர்கள் லீயும் யாங்கும், 1957-ல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு முன்னே மாணவர்களுக்கு!

இனி நம் வழக்குக்கு வருவோம்.

1940-களில் அவர் எடுத்துக்கொண்ட வேலை, வெளிச்சமும் வெப்பமும் வாயுப் படலம் ஒன்றின் ஊடே எப்படிப் பயணம் செய்கின்றன என்பது. விளக்கம் வேண்டுமா? மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ரங்கநாதன் தெரு வழியே உஸ்மான் சாலைக்குப் போய்ப் பாருங்கள். நேரே நடக்க முடிகிறதா? ஒருவர் இடிக்கிறார், இடப்புறம் ஒதுங்குகிறீர்கள். பாத்திரக்கடைக் கூட்டம் தள்ளுகிறது, இரண்டடி பின்னே வருகிறீர்கள். எப்படியோ வெளியே வந்துவிடுகிறீர்கள், ஆனால் நேரமாகிறது. கூட்டம் கூடக்கூட இன்னும் நேரமாகிறது. வெளியேற முடியாதவர்கள் நிலைய வாசலிலே குவிகிறார்கள். வாயுவின் ஊடே போகும் கதிரும் அப்படித்தான். ஓர் அணு அதை விழுங்குகிறது, இன்னொன்று திசை திருப்புகிறது, விழுங்கியது வேறு திசையில் உமிழ்கிறது. இத்தனை இடிபாட்டுக்கும் பிழையில்லாத கணக்கு எழுதினார் சந்திரசேகர். 1950-ல் அது நூலாக வந்தது.

அந்தக் கணக்கை அவர் முதலிலே சூரியன் போன்ற மீன்களுக்குத்தான் போட்டார். சூரியனின் மேற்பரப்பிலே வெளிச்சத்தை மறித்து நிற்பது, கூடுதலாக ஓர் எலக்ட்ரானைச் சுமந்த ஹைட்ரஜன் என்று 1939-ல் ஒருவர் ஊகித்தார். அது எவ்வளவு மறிக்கிறது என்று அளந்து தந்தவர்களில் முதன்மையானவர் இவர். ஆகவே சூரியனைத் தெரியாமல் பேசியவர் அல்லர். நம் தலைக்கு மேலுள்ள வானத்தின் வெளிச்சத்துக்கும் கணக்குத் தீர்த்தார். சித்தப்பா இராமன் 1921-ல் கப்பலிலே கடலின் நீலத்தை ஆராய்ந்தார். அண்ணன் மகன் வானத்தைக் கவனித்துக்கொண்டார். நல்ல பங்கீடு!

பூமி சூடேறுவது பற்றிச் சந்திரசேகர் நூல் எழுதவில்லை. அவருக்கு உரியதல்லாத புகழை நாம் சூட்டவேண்டியதில்லை. ஆனால் வாயுப் படலம் சூரியனுடையதானால் என்ன, பூமியுடையதானால் என்ன? கணக்கு ஒன்றே. அவர் வளர்த்தெடுத்த முறை பின்னாளில் கணினிகளில் ஏறி, பூமியின் காற்று மண்டலத்தை ஆராய்வோர் கையில் அன்றாடக் கருவியாயிற்று.

அந்தக் கணக்கு என்ன சொல்கிறது? சூரிய வெளிச்சம் காற்றின் ஊடே பெரும்பாலும் தடையின்றி இறங்குகிறது. தரை சூடாகிறது. சூடான தரை, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை மேலே அனுப்புகிறது. அதைத்தான் கரியமில வாயுவும் நீராவியும் இடைமறிக்கின்றன. நைட்ரஜனும் ஆக்சிஜனும் காற்றிலே ஏராளம் இருந்தும் மறிப்பதில்லை. 1859-லேயே டிண்டல் சோதனை செய்து காட்டிவிட்டார். ஆலைகள் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 280 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இத்தனை சிறு பங்கா இவ்வளவு செய்யும் என்று கேட்பவர், ரங்கநாதன் தெருவிலே வழியை மறித்து நிற்பவர் பத்துப் பேர் கூடினால் என்னவாகும் என்று எண்ணட்டும். கூடியது நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றின் கரிதான் என்பதற்கு அங்க அடையாளமும் உண்டு. மண்ணுக்கடியில் யுகயுகமாகக் கிடந்த கரியிலே, உயிருள்ள மரத்தின் கரியில் உள்ள கதிரியக்கம் இராது.

சரி, சூரியன் பக்கம் வாதம் ஒன்றும் இல்லையா? இருக்கிறது, அதையும் கேட்போம். சூரியன் மாறாத விளக்கன்று. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை அதன் கரும்புள்ளிகள் கூடிக் குறைகின்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அது சற்றே வலுத்ததும் உண்மை. ஆனால் 1978 முதல் செயற்கைக் கோள்கள் காற்றுக்கு வெளியே நின்று அதை அளக்கின்றன. கரும்புள்ளிச் சுற்றிலே ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு. மொத்தத்தில் ஏற்றமே இல்லை. அந்த ஆண்டுகளில்தான் பூமி வெகுவாகச் சூடேறியது! சூரியன் முதுமையிலே வெப்பம் கூடுகிறதே என்பார் சிலர். கூடுகிறது, நூறு கோடி ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு. நம் பாட்டன் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையே அது எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கப் பென்சில்கூட வேண்டாம்.

இன்னொரு சாட்சி இதைவிடக் கெட்டியானது. போர்த்திப் படுத்திருக்கிறோம், பக்கத்தில் அடுப்பு. அடுப்பு கூடுதலாக எரிந்தால் போர்வையின் வெளிப்புறமும் சுடும், உள்ளும் சுடும். போர்வை தடித்தாலோ உள்ளே புழுங்கும், வெளிப்புறம் குளிரும். பூமியிலே நடப்பது எது? கீழ்க் காற்று சூடேறுகிறது. மேல் மண்டலம் குளிர்ந்துகொண்டிருக்கிறது. தடித்தது போர்வை! ஜப்பானில் பிறந்த மனாபே 1967-லேயே, அளவைகள் வருமுன்னரே, இப்படித்தான் நடக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு. இரவுகளும் பகலைவிட வேகமாகச் சூடேறுகின்றன. இரவிலே ஏது சூரியன்? ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் விடியும்வரை விசிறிக்கொண்டு கிடப்பவர்களுக்கு இதற்கு விஞ்ஞானி சாட்சி தேவையில்லை.

2003 மே 31-ல் சென்னையில் 45 டிகிரி அடித்ததை முதியோர் சொல்வர். ஒரு நாள் வெயிலை வைத்து நாம் வாதாடவில்லை. உலகம் முழுவதும் பல்லாண்டுச் சராசரியை எடுத்துத்தான், 2011 முதல் 2020 வரையிலான காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியைவிட சுமார் 1.1 டிகிரி சூடு என்று கண்டனர். ஏறக்குறைய அனைத்தும் மனிதன் கைவேலையே என்றும் கண்டனர்.

சூரியன் மீது பழி போடுவது புதுப்பழக்கமும் அன்று. சந்திரசேகர் வளர்ந்த மயிலாப்பூரிலேயே அதற்கு ஒரு சாட்சி ஓடுகிறது. இன்று திருமயிலை, மந்தைவெளி ரயில் நிலையங்கள் எதன்மேல் நிற்கின்றன? பக்கிங்காம் கால்வாய் மேல். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தப் பகுதி, 1877-78 பஞ்ச நிவாரண வேலையாக, பசித்த மக்களின் கையால் வெட்டப்பட்டது. கூலி என்ன? பஞ்ச வேலைக்குச் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த விதி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் மேலே ஓர் அணா போன்ற சில்லறையும்! தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் அந்தப் பஞ்சத்தில் மாண்டவர் அரைக் கோடிக்கும் மேல். தானியமோ கப்பலேறிக்கொண்டிருந்தது. அந்த 1877-ல்தான் சர்க்காரின் புள்ளிவிவரத் தலைவர் வில்லியம் ஹண்டர், சென்னையின் மழைக் கணக்கைப் புரட்டி, சூரியனின் கரும்புள்ளி குறைந்தால் மழை குறையும், பஞ்சம் வரும் என்று பிரசுரம் எழுதினார். ஏடுகள் அதைக் கொண்டாடின. மழை பொய்த்ததற்குக் காரணம் பசிபிக் கடலின் வெப்ப மாற்றம் என்று பின்னால் தெரிந்தது. மழை பொய்த்தது இயற்கை, தானியம் கப்பலேறியது? அதற்குக் கரும்புள்ளியா உத்தரவு போட்டது?

இன்றும் அதே குரலை வேறு வாயிலிருந்து கேட்கிறோம். அனல்மின் நிலையத்தில் உழைக்கும் தோழர் ஒருவர் இதைப் படித்தால், அப்படியானால் என் வயிற்றுப்பாடு என்ன என்று கேட்பார். கேட்கவேண்டும். புகையை நிறுத்துவோர் அவர் உலையையும் நினைக்கக் கடமைப்பட்டவர். தலைக்குக் கணக்கிட்டால் இந்தியன் விடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. போர்வையைத் தடிக்க வைத்ததில் பெரும்பங்கு பணக்கார நாடுகளுடையது. இந்த வாதத்தை உரக்கப் பேச நமக்கு உரிமை உண்டு. ஆனால் குற்றவாளி சூரியன் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், யாரிடம் போய் இந்தப் பங்குக் கணக்கைக் கேட்பது? தமிழ்நாட்டிலே 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் மாள்வோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வகுத்தார்கள். கேட்டுப் பெறத் தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பணம் போய்ச் சேரும். சங்கத் தோழர்கள் கவனிக்க.

சந்திரசேகரைப் பாதி வழியில் விட்டுவிட்டோம். ஒரு துறையைப் பத்தாண்டு உழுவது, நூல் எழுதுவது, கதவைச் சாத்திவிட்டு அடுத்த துறைக்குப் போவது, இதுவே அவர் வழக்கம். விண்மீன் அமைப்பு, கதிர்வீச்சு, பாய்மங்களின் நிலைப்பு, கடைசியில் கருந்துளை. 1952 முதல் 1971 வரை வானநூல் ஏடு ஒன்றின் ஆசிரியராக இருந்து அதை உலகின் முதல் ஏடாக்கினார். 1962 ஜனவரியில் சென்னையில் கணித அறிவியல் நிலையம் தொடங்கப்பட்டபோது வந்திருந்தார். அந்நிலையம் இன்று அடையாற்றை அடுத்துத் தரமணியில் நடக்கிறது. அமெரிக்கக் குடிமகனாகிவிட்டாரே என்று குறைபட்டோர் உண்டு. திருப்பி அனுப்பாமல் இங்கே நல்ல இடம் கொடுத்திருந்தோமா என்பதை அவர்கள் சொல்வதில்லை.

1983-ல் நோபல் பரிசு வந்தது. அந்த 19 வயதுக் கணக்குக்கும் அதில் பங்கு இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து! அதற்கு முந்திய ஆண்டு, எடிங்டன் பிறந்த நூற்றாண்டு விழாவுக்குக் கேம்பிரிட்ஜ் அவரை அழைத்தது. தம்மைச் சபை நடுவே சிறுமைப்படுத்தியவரைப் பற்றிப் பேசவேண்டும். போனார். எடிங்டனைத் தம் காலத்தின் தலைசிறந்த விண்ணியலாராகப் போற்றினார்; 1935-ல் அவர் செய்த பிழையையும் மறைக்காமல் எடுத்துரைத்தார்.

1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவில் காலமானார். வயது 84. அந்த ஆண்டில்தான் நியூட்டனின் நூலைச் சாதாரண வாசகருக்கு விளக்கும் அவருடைய கடைசிப் புத்தகம் வெளிவந்தது. 1999-ல் விண்ணில் ஏற்றிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்கு அமெரிக்கர் சந்திரா என்று அவர் பெயரிட்டனர். மயிலாப்பூர் அண்டை வீட்டுப் பெண் லலிதா அந்தப் பெயர் வானேறியதைக் கண்டு, 2013 வரை, 102 வயது வரை வாழ்ந்தார்.